நெற்கட்டும்செவல் வீழ்ந்த விதம்

ஆவணி பிறந்து குற்றாலத்துச் சாரல் ஓயத் தொடங்கும் நாட்களில், தென்காசி ஜில்லாவின் சாலைகளில் அருவிக்குச் செல்வோரின் வண்டிகளோடு போலீஸ் வண்டிகளும் பெருகுவது பல வருஷங்களாகவே வழக்கமாகிவிட்டது. ஆகஸ்டு 20-ந் தேதி ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1-ந் தேதி பூலித்தேவர் பிறந்த நாள். பச்சேரியும் நெற்கட்டும்செவலும் அண்டை ஊர்கள். ஒரே யுத்தத்தில் ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள் என்று ஜனங்கள் போற்றும் இருவருக்கு, பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு விழாக்கள் நடைபெறுகின்றன. இவ்விரண்டிலும் ஒரு சாரார் செல்லும் வழியில் மற்றொரு சாரார் எதிர்ப்படாதிருக்க வேண்டுமென்று ஜில்லா அதிகாரிகள் தடையுத்தரவு பிறப்பிக்கிறார்கள். வெளியூர் வண்டிகள் நுழைவதற்கும் கட்டுப்பாடு விதிக்கப்படுகிறது. அந்நியனை எதிர்த்து ஒன்றாக நின்றவர்களின் புகழைப் பாடுவதற்கு, அவர்கள் சந்ததியார் ஒன்றாக நிற்கக் கூடாதென்று உத்தரவு வேண்டியிருக்கிறது! இதைக் காட்டிலும் வருந்தத்தக்க நிலை வேறு யாது?

அதிகாரிகளைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அமைதியைக் காப்பது அவர்கள் கடமை. ஆனால், நெற்கட்டும்செவல் எவ்விதம் வீழ்ந்தது என்பதைச் சற்றே நிதானமாக ஆராய்ந்தால், இன்று நாம் கொண்டாடும் விதத்துக்கும் அன்று கோட்டை வீழ்ந்த விதத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டென்பது விளங்கும். அதை நேயர்களுக்கு எடுத்துக் காட்டவே இதனை எழுதுகிறோம்.

மதுரை நாயக்கர் ராஜ்யம் 1736-ஆம் ஆண்டளவில் ராணி மீனாட்சியோடு அஸ்தமித்தது. அதன் பின் தென்சீமைக்கு உண்மையில் அரசன் எவன் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடையாது. ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு உரிமை கொண்டாடிய முகம்மதலி, மதுரையும் திருநெல்வேலியும் தன்னைச் சேர்ந்தவை என்றார். அந்தப் பதவியையே அவர் கும்பினியின் துப்பாக்கி பலத்தால்தான் பெற்றார். யுத்தச் செலவுக்காகக் கும்பினிக்குப் பட்ட கடனுக்கு ஈடாக, இந்தச் சீமைகளின் வரியைக் காட்டினார். நவாபோ இந்தப் பாளையங்களைத் தம் வாளால் வென்றவரல்லர். அவற்றின் ஏரிகளை வெட்டியவருமல்லர், கோயில்களைக் காத்தவருமல்லர். கையில் இல்லாத பொருளை ஒருவர் அடகு வைத்தார். இல்லையென்று தெரிந்தே மற்றொருவர் அதை அடகு பிடித்தார். இந்த அடகுச் சீட்டே பிற்பாடு தென்னாட்டைக் கும்பினிக்கு உரிமையாக்கிய சாஸனமாயிற்று.

1755-ஆம் வருஷத் தொடக்கத்தில் கர்னல் ஹெரான் என்பவர், நவாபுவின் தமையனார் மாபூஸ்கானையும் சிப்பாய்த் தளபதி யூசுப்கானையும் உடன்கொண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து தெற்கே புறப்பட்டார். படையெடுப்பின் நோக்கம் வரி வசூல். மதுரையைப் பிடித்து, திருநெல்வேலிக்கு வந்து, இரு சீமைகளையும் வருஷத்துக்குப் பதினைந்து லட்சம் ரூபாய்க் குத்தகைக்கு மாபூஸ்கானிடம் விட்டார். வழியில் கோவில்குடிக் கோயில் விக்கிரகங்களை அவருடைய படை சூறையாடியது. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டார் அப்படையை மறித்துத் தாக்கினர். ஊர் திரும்பிய ஹெரான் ராணுவ விசாரணைக்கு உள்ளாகி உத்தியோகம் இழந்தார்.

இந்தப் பவனியின் நடுவேதான் அவர் நெற்கட்டும்செவல் கோட்டை முன் வந்து நின்றார். இருபதினாயிரம் ரூபாய் கொடுத்தால் போய்விடுகிறேன் என்றார். பூலித்தேவர் ஒரு காசும் கொடுக்க மறுத்தார். வந்தவனிடம் பெரும் பீரங்கியில்லை, உணவும் ஊதியமும் குறைந்து படை தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். பிளாசி யுத்தம் நடந்தது 1757-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வங்காளம் வீழ்வதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே, பொதிகை மலைச்சாரலில் ஒரு பாளையக்காரர் கும்பினியின் கர்னலைக் கப்பமின்றித் திருப்பி அனுப்பினார்.

இதில் வீரத்தை மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். பூலித்தேவரின் பெருமையில் மறுபாதி அவருடைய ராஜதந்திரம். தனிக் கோட்டை எதுவும் தனித்து நிற்க முடியாதென்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். மேற்கத்திய மறவர் பாளையங்களை ஒரு கட்டாகச் சேர்த்தார். களக்காட்டுச் சீமையில் கண் வைத்திருந்த திருவிதாங்கூர் மகாராஜாவைத் துணை சேர்த்தார். சந்தாசாகிபின் ஆட்களாக இச்சீமையில் தங்கியிருந்த பட்டாணியத் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டார். எதிர்க்க வந்த மாபூஸ்கானே, தம்பியாகிய நவாபுவோடு பிணங்கி, பிற்பாடு பூலித்தேவர் பக்கம் வந்து சேர்ந்தார். மதத்தையும் பாஷையையும் பாராமல், கும்பினியை எதிர்ப்பவன் எவனாயினும் அவனோடு கைகோத்த பெருமை இந்த மனிதருக்கு உண்டு.

ஆனால் அந்தக் கட்டு முழுமை பெறவில்லை. கிழக்கத்தியப் பாளையங்களில் முதன்மையான எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அதில் சேரவில்லை. அவை தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள். இவை மறவர் பாளையங்கள். மேற்குக்கும் கிழக்குக்கும் இருந்த பழம் பகையும் பொறாமையும் கும்பினியின் கண்ணில் படாமல் போகவில்லை. 1756-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் திருநெல்வேலிக்கு அருகே நடந்த போரில் பூலித்தேவரின் கூட்டுப்படை தோற்றபோது, கிழக்கத்தியார் எதிரணியில் இருந்தனர். அன்று அவர்களுக்கு அது சாமர்த்தியமாகத் தோன்றியிருக்கும். அண்டை வீட்டில் நெருப்புப் பிடித்தபோது தண்ணீர்க் குடத்தை ஒளித்து வைத்தவனின் சாமர்த்தியம் அது.

அடுத்து உடைந்தது திருவிதாங்கூர்க் கட்டு. தென்சீமையின் நிர்வாகம் யூசுப்கான் கைக்கு வந்தது. இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, கும்பினிச் சிப்பாயாகி, தன் திறமையால் தளபதியான மனிதர் அவர். போர்க்கலையில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் தென்னாட்டில் சிலரே. பீரங்கியால் மட்டும் நெற்கட்டும்செவலைப் பிடிக்க முடியாதென்று அவர் அறிந்திருந்தார். 1759-ஆம் வருஷத்தில் திருவிதாங்கூருக்குக் களக்காட்டை விட்டுக்கொடுக்க இசைந்தார். எந்தச் சீமைக்காக மகாராஜா பூலித்தேவரோடு நட்புக்கொண்டாரோ, அதே சீமையை எதிரி கொடுக்கவே, நட்பு எதிரி பக்கம் மாறியது. மலைக் கணவாயைத் தாண்டி வந்த திருவிதாங்கூர்ப் படை யூசுப்கானோடு சேர்ந்தது. குற்றாலத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருந்த வடகரைப் பாளையத்தின் மேல்தான் முதலடி விழுந்தது. நேற்று வரை பூலித்தேவருக்கு முதுகுக்காப்பாக இருந்த மேற்கு மலை, இன்று அவர் முதுகில் குத்தும் ஈட்டியாயிற்று.

அப்படியும் கோட்டைகள் எளிதில் விழவில்லை. 1759-ஆம் வருஷ இறுதியில் வாசுதேவநல்லூரை யூசுப்கான் முற்றுகையிட்டபோது, பூலித்தேவர் நெற்கட்டும்செவலிலிருந்து தம் சிறந்த வீரரோடு வந்து முற்றுகையிட்டவரின் முகாமையே பின்புறமிருந்து தாக்கினார். மருந்தும் குண்டும் தீர்ந்த யூசுப்கான் பின்வாங்கினார். ஆனால் அவர் திரும்பி வந்தார். 1760-ஆம் வருஷக் கடைசியில் மறுபடியும் தொடங்கிய யுத்தம் 1761-ஆம் வருஷம் மே மாதத்தில் முடிந்தது. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் வீழ்ந்தன. பூலித்தேவர் இராமநாதபுரச் சீமையில் தஞ்சம் புகுந்தார்.

வெற்றி பெற்றவருக்கு என்ன கிடைத்தது? மூன்று வருஷங்கள் கழியவில்லை. கும்பினிக்காக இத்தனை பாளையங்களை அடக்கிய யூசுப்கான், நவாபுவுக்கு அடங்காமல் மதுரையில் தாமே அரசராக நிற்க முயன்றபோது, அதே கும்பினிப் படை அவரை முற்றுகையிட்டது. கோட்டை வீழவில்லை, உள்ளிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அவர் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். பூலித்தேவர் திரும்பி வந்து தம் கோட்டைகளில் மீண்டும் கால் ஊன்றினார். 1767-ஆம் வருஷத்தில் டொனால்டு காம்பெல் என்ற வெள்ளைத் தளபதி வாசுதேவநல்லூரைத் தாக்கினார். உடைந்த மண்சுவரை வைக்கோலாலும் பனையாலும் அடைத்துக்கொண்டு, விழுந்தவன் இடத்தில் அடுத்தவன் வந்து நின்ற வீரர்களின் துணிவைக் கண்டு அவரே வியந்து எழுதினார். இம்முறை கோட்டை நிரந்தரமாக வீழ்ந்தது. பூலித்தேவர் தப்பிச் சென்றார். அதன் பின் அவர் கதை சரித்திரத்திலிருந்து நழுவி ஜனங்களின் நாவிலே வாழ்கிறது. சங்கரன்கோவில் ஆலயத்துள் புகுந்து ஜோதியில் கலந்தார் என்று அவ்வட்டாரத்தார் இன்றும் நம்பிக்கையோடு சொல்லுகிறார்கள்.

ஒதுங்கி நின்ற பாஞ்சாலங்குறிச்சியின் கதி என்னவாயிற்று? பூலித்தேவரின் கோட்டை வீழ்ந்து ஒரு தலைமுறை கழிந்தபின், அதே கிஸ்திக் கணக்கு அதன் வாசலுக்கு வந்தது. வீரபாண்டிய கட்டபொம்மன் எதிர்த்து நின்றபோது எட்டயபுரம் கும்பினிக்கு உதவியது; 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1801-ஆம் வருஷத்தில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேறினர். அதே வருஷத்தில் நவாபுவின் ஆட்சி உரிமையும் கும்பினிக்குப் போயிற்று. கடன் வாங்கிய நவாபுவுக்கு மிஞ்சியது பட்டமும் மானியமும். பாளையக்காரர்களில் தப்பிப் பிழைத்தவர்களுக்கு மிஞ்சியது ஜமீன்தார் என்ற பெயர். எதிர்த்தவனும், ஒதுங்கியவனும், உதவியவனும், கடன் பத்திரம் எழுதிக்கொடுத்தவனும் ஐம்பது வருஷங்களுக்குள் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டார்கள். முறை மாத்திரமே முன்பின்னாக வந்தது.

இந்த வித்தை தென்பாண்டிச் சீமையில் மட்டும் ஆடப்பட்டதன்று. வியாபாரக் கும்பினிகள் ராஜ்யங்களை விழுங்கிய இடத்திலெல்லாம் இதுவே நடந்தது. மத்திய ஆப்பிரிக்காவின் கட்டாங்காச் சீமையை ஓர் உதாரணமாகக் காட்டலாம். மிசிரி என்ற அரசர் அங்கே புங்கேயா நகரத்திலிருந்து தாமிரமும் தந்தமும் விற்று ஒரு பெரிய ராஜ்யத்தைக் கட்டினார். அடிமை வியாபாரமும் அவர் கஜானாவை நிரப்பிற்று, கொடுமையும் இருந்தது. 1891-ஆம் வருஷத்தில் அவர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சங்கா மக்கள் கலகம் செய்துகொண்டிருந்த சமயம் பார்த்து, பெல்ஜிய அரசர் லியோபோல்டின் காங்கோ ராஜ்யத்துக்காகக் கட்டாங்காக் கும்பினி அனுப்பிய படை, ஸ்டேர்ஸ் என்பவர் தலைமையில் வந்தது. லியோபோல்டின் கொடியை ஏற்றச் சொன்னார்கள், மிசிரி மறுத்தார். அவ்வருஷம் டிசம்பர் 20-ந் தேதி, பேச்சுவார்த்தைக்கென்று வந்த அதிகாரி ஒருவரால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரும் அங்கேயே மாண்டார். மிசிரியின் மகன் புதிய எஜமானர்களை ஒப்புக்கொண்டு தலைவரானார். கலகம் செய்த மக்களுக்கு விடுதலை கிடைத்ததா? சுரங்கம் தோண்டும் கும்பினியே கிடைத்தது.

இதைவிடக் கசப்பான பாகம் பின்னால் வருகிறது. 1960-ஆம் வருஷம் ஜூன் 30-ந் தேதி காங்கோ சுதந்திரம் அடைந்தது. பதினோரு நாட்களுக்குள், ஜூலை 11-ந் தேதி, கட்டாங்கா தனி நாடென்று பிரகடனம் செய்தார்கள். பின்னால் இருந்தது சுரங்கக் கும்பினியின் பணமும் பெல்ஜியத்தின் ஆதரவும். அந்தப் பிரிவினை மந்திரிசபையில் உள்நாட்டு மந்திரியாக இருந்தவர் கோட்ப்ருவா முனோங்கோ, மிசிரியின் வழித்தோன்றல்! எந்தக் கும்பினிக்குத் தலைவணங்க மறுத்து முன்னோர் உயிர்விட்டாரோ, அந்தக் கும்பினியின் வாரிசுகளுடைய பணத்தில், அந்த முன்னோரின் பெருமையைச் சொல்லியே, வழிவந்தவர் தம் தேசத்தைத் துண்டாடத் துணை நின்றார். மறு வருஷம் ஜனவரி மாதம் காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா அதே கட்டாங்கா மண்ணில் கொல்லப்பட்டார். முன்னோரின் புகழ் அறிவில்லாத கையில் சிக்கினால் என்ன விபரீதம் விளையும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் தேடவேண்டியதில்லை.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பூலித்தேவரின் படையில் ஒண்டிவீரன் இருந்தார். எதிரி முகாமுக்குள் தன்னந்தனியாகப் புகுந்து வந்தவர் என்று அருந்ததிய மக்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். வெண்ணிக் காலாடி இருந்தார். குடல் சரிந்த வயிற்றைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போரிட்டு மாண்டவர் என்று தேவேந்திரகுல மக்கள் பாடுகிறார்கள். வெள்ளைக்காரர் எழுதிய சரித்திரத்தில் தளபதிகளின் பெயர்களே அரிதாக வருகின்றன. எனவே இச்செய்திகளுக்கு ஜனங்களின் வாய்மொழியே பெரும் ஆதாரம். அதனால் அவை குறைந்தவையாகிவிடா. காம்பெல் கண்டு வியந்தாரே, உடைந்த சுவரின் இடுக்கில் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றவர்கள், அவர்கள் யாவரும் ஒரே ஜாதியாரா? ஒரு பாளையத்தின் படை ஒரு ஜாதியின் படையாக இருந்ததில்லை. இருந்திருந்தால் அது பன்னிரண்டு வருஷம் கும்பினிக்கு ஈடுகொடுத்திருக்க முடியாது.

இங்கே ஒன்றை ஒளியாமல் சொல்லவேண்டும். பாளையக்காரர் ஆட்சி ராமராஜ்யமன்று. அங்கே மேல்கீழ் இருந்தது. குடியானவன் களத்து நெல்லில் அரண்மனைக்குப் போனது போக மிஞ்சியதைத்தான் உண்டான். பாளையத்துக்குப் பாளையம் கொள்ளையும் இருந்தது. பூலித்தேவரை நாம் மதிப்பது அவர் குறையற்றவர் என்பதற்காக அன்று. தம் காலத்தின் கட்டுக்களுக்குள் இருந்துகொண்டே, அந்நியனுக்கு இந்த மண்ணின் நெல்மேல் உரிமையில்லை என்று சொல்லும் தெளிவும், அச்சொல்லுக்காகப் பலரையும் ஒன்று சேர்க்கும் திறமையும் அவரிடம் இருந்தன என்பதற்காகவே மதிக்கிறோம். இந்த மதிப்பை எந்த ஒரு ஜாதியின் பட்டயத்திலும் எழுதிவிட முடியாது.

இன்றோ நடப்பது வேறு. சர்க்கார் பூலித்தேவருக்கு விழா எடுக்கிறது. நெற்கட்டும்செவலில் நினைவு மாளிகை நிற்கிறது. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் உண்டு. 2022-ஆம் வருஷத்தில் அவருக்குத் தபால்தலையும் வெளியாயிற்று. இவையெல்லாம் வேண்டியவையே, வெகுகாலம் மறுக்கப்பட்ட மரியாதை கிடைத்தது நியாயமே. ஆனால் ஒவ்வொரு கட்சியின் தலைவரும் ஒரு நாள் ஒரு சிலைக்கு மாலையிட்டு ஒரு ஜாதியின் வோட்டைக் கேட்கிறார். மறுநாள் மற்றொரு சிலைக்குச் சென்று மற்றொரு ஜாதியின் வோட்டைக் கேட்கிறார். இருவரையும் ஒரே மேடையில் வைத்து ஒரே மூச்சில் பேச எவருக்கும் துணிவில்லை. அந்தத் துணிவின்மை பள்ளிக்கூடம் வரை இறங்கிவிட்டது. பக்கத்து ஜில்லாவில், நாங்குநேரியில், 1923 அல்ல, 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி 1924 அல்ல, 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அறிக்கை கொடுத்தது. ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டலாகாது என்பது அதன் யோசனைகளில் ஒன்று. வாசுதேவநல்லூர்ச் சுவரில் ஒருவன் விழுந்த இடத்தில் மற்றொருவன் நின்றபோது, எவன் கையில் எந்த வர்ணக் கயிறு என்று எவனும் பார்க்கவில்லை.

ஆதலின் நாம் மூன்று யோசனைகளைச் சொல்லுகிறோம். முதலாவது, ஆகஸ்டு 20-க்கும் செப்டம்பர் 1-க்கும் இடையே ஒரு நாளை, பூலித்தேவர், ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி ஆகியோர்க்கும் பெயர் தெரியாத வீரர்க்கும் சேர்த்துப் பொது நாளாகத் தென்காசியில் கொண்டாட வேண்டும். தனித்தனி விழாக்கள் நடக்கட்டும். ஆனால் பொதுவிழாவும் ஒன்று வேண்டும். எல்லாக் கட்சியாரும் அன்று ஒரே மேடையில் நிற்கட்டும். எவர் வரவில்லை என்பதை ஜனங்கள் குறித்துக்கொள்ளட்டும். இரண்டாவது, கும்பினியின் சென்னைக் கடிதப் போக்குவரத்துக்களும் ராணுவ ஆலோசனைக் குறிப்புக்களும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1755 முதல் 1767 வரை இச்சீமையைப் பற்றிய பகுதிகளைத் தமிழில் பெயர்த்து மலிவு விலையில் வெளியிட வேண்டும். எதிரி எழுதிய சாட்சியம் கையில் இருந்தால், மேடைக்கு மேடை புதிய சரித்திரம் சிருஷ்டிப்பவர்களின் வியாபாரம் படுத்துவிடும். மூன்றாவது, இவ்வட்டாரத்துக் கிழவர்களும் கிழவிகளும் பாடும் கதைப்பாட்டுக்களை, ஜாதி வித்தியாசம் பாராமல் எல்லாத் தெருக்களிலும் சேகரித்து, அவற்றையும் அதே நூலின் மறுபாதியாக அச்சிட வேண்டும்.

இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மனம் இருந்தால் ஒரு வருஷத்தில் முடியும். இவற்றுக்குத் தடையாக நிற்பது பணமன்று. ஒன்று சேர்ந்தால் தன் தலைமை போய்விடுமோ என்று அஞ்சும் சில தலைவர்களின் கணக்கு. கிழக்கத்தியார் அன்று போட்ட கணக்கும் அதுவே. களக்காட்டுக்காகக் கட்சி மாறிய மகாராஜாவின் கணக்கும் அதுவே. அந்தக் கணக்குகளின் கூட்டுத்தொகையை நம் நாடு நூற்றெண்பது வருஷங்களுக்கு மேல் வட்டியோடு கட்டித் தீர்த்தது.

நெற்கட்டும்செவல் கோட்டையை இடித்தது பீரங்கி என்று எண்ணுபவர்கள் ஏமாறுகிறார்கள். பீரங்கி வருவதற்கு முன்பே அண்டை வீட்டாரின் மௌனம் அதை இடித்துவிட்டது. அந்த மண்ணை வணங்கச் செல்லும் இளைஞர்கள், பக்கத்து ஊர் இளைஞனையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்லட்டும். பூலித்தேவருக்குச் செய்யும் மரியாதை அதுவே.